சீட்டு விழாத கேள்விப் பெட்டி

கேள்வி: ஏழாம் வகுப்பில், பருவ வயதில் உடலில் வரும் மாற்றங்கள் பற்றிப் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் கேள்விகளை எழுதிப் போடக் கேள்விப் பெட்டி வைத்தும் ஒரு சீட்டுகூட விழவில்லை. என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை

பதில்: எழுந்து போய்ச் சீட்டுப் போடுபவரை வகுப்பே பார்க்கும், பிறகு யார் போடுவார்கள்? ஒரே அளவுத் தாளை எல்லோருக்கும் கொடுங்கள். கேள்வி இல்லாதவர் ‘கேள்வி இல்லை’ என்று எழுதட்டும். பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் நீங்களே வாங்கி, வீட்டில் படித்து, அடுத்த வகுப்பில் பதில் சொல்லுங்கள். கையெழுத்து காட்டிக்கொடுக்கும் என்பதால் சீட்டை யாரிடமும் தராதீர்கள்.

பெரும்பாலான சீட்டுகளில் இருக்கப்போவது ஒரே பயம்தான்: ‘நான் மட்டும் இப்படியா?’ அதனால் வயது வரம்பை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாற்றங்கள் பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கலாம். மார்பு வளரத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். ஆரம்ப ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் இடைவெளி இயல்பே. நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே நனைந்து, அது தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆண் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத ஒன்று, மார்புக் காம்புக்கு அடியில் வரும் சிறு கட்டி. ஹார்மோன் மாற்றத்தால் பலருக்கும் வருவது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே கரையும்.

பாடத்தின்போது பிள்ளைகள் சிரிப்பார்களே என்கிறீர்களா? ஒரு நிமிடம் சிரிக்க விடுங்கள். உறுப்புகளின் சரியான பெயர்களை நீங்கள் தயங்காமல் சொன்னால் அது அடங்கிவிடும்.