கிண்டிலில் சேர்ந்த புத்தகங்களை பேக்கப் எடுப்பது, அடுக்குவது: கேள்வி பதில்

சார், என் பழைய கிண்டில் பேப்பர்வைட்டில் நானூறு புத்தகம் இருக்கிறது. பேட்டரி நிற்பதே இல்லை. கம்ப்யூட்டரில் செருகி அப்படியே காப்பி எடுத்தால் போதுமா?

அமேசான் கடையில் வாங்கியவை உங்கள் கணக்கில் இருக்கின்றன. புதுக் கருவியில் அதே கணக்கில் நுழைந்தால் இறங்கிவிடும். நீங்களே கேபிள் வழியாக ஏற்றியவையும், அவற்றில் போட்ட அடிக்கோடுகளும்தான் போனால் போனதுதான். எனவே ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரை முழுசாக காப்பி எடுங்கள். எஸ்டிஆர் என்று முடியும் குட்டி ஃபோல்டர்களைக் குப்பை என்று விட்டுவிடாதீர்கள். படித்து நிறுத்திய இடமும் குறிப்புகளும் அவற்றில்தான். அங்கேயே ‘மை கிளிப்பிங்ஸ்’ என்றொரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். புத்தகத்தின் பெயர், இடம், தேதி, நீங்கள் கோடிட்ட வரி, கீழே பத்து சமக்குறி, அப்புறம் அடுத்தது என்று வரிசையாகப் போகும். கிண்டிலில் அழித்த அடிக்கோடும் அதில் அழியாமல் கிடக்கும்.

புதுக் கிண்டிலை மேக்கில் செருகினால் ஒன்றுமே தெரியவில்லையே?

2024-இல் வந்த மாடல்கள் பென்டிரைவ் மாதிரி திறக்காது, எம்டிபி என்ற வேறொரு ஃபைல் பரிமாற்ற முறையில் பேசும். விண்டோஸில் தானாகத் தெரியும், மேக்கில் தெரியாது. மின்னூல்களை அடுக்கி வைக்கும் இலவச மென்பொருளான காலிபரைத் திறந்து வைத்துச் செருகுங்கள், அதுவே பிடித்துக்கொள்ளும். வேறு ஃபைல் மேனேஜர் ஏதாவது திறந்திருந்தால் முதலில் மூடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் கிண்டில் இடம் கொடுக்கும். கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமா என்றும் பாருங்கள்.

அண்ணா, வாங்கின புத்தகத்தை வெப்சைட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கும் வசதி இருந்ததே?

2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு அமேசான் அதை எடுத்துவிட்டது. இருந்தபோதும் பூட்டுப் போட்ட ஃபைல்தான் வந்தது. உங்கள் கணக்கில் பதிந்த கருவியில் மட்டும் திறக்கும். பூட்டை உடைப்பது பற்றி இங்கே நான் பேசப்போவதில்லை. ஆனால் பூட்டிய புத்தகத்தை பேக்கப் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புத்தகங்களைத் திறக்க முடியாமல் செய்தது. ஒரே நூல் பூட்டில்லாமலும் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

காலிபரில் சேர்த்தேன். ஜெயகாந்தன் ஒருவரே மூன்று பேராக நிற்கிறார்: தமிழில், ஆங்கிலத்தில், த. என்ற இனிஷியலோடு!

தமிழ் நூல் வைத்திருப்பவர் எல்லோருக்கும் உள்ள தலைவலி இது. இடப்பக்கப் பட்டியலில் எழுத்தாளர் பெயரை ரைட் கிளிக் செய்து, மூன்றுக்கும் ஒரே பெயரைக் கொடுங்கள், ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

வரிசைதான் அடுத்த வம்பு. காலிபர் கடைசிச் சொல்லை முன்னால் தூக்கிப் போடும். தி. ஜானகிராமனுக்கு அது நல்லதுதான், ‘ஜா’வில் வந்து உட்கார்வார். ஆனால் சுந்தர ராமசாமி ‘ரா’வுக்கும் இந்திரா பார்த்தசாரதி ‘பா’வுக்கும் ஓடிவிடுவார்கள். அமைப்பை மொத்தமாக மாற்றினால் இனிஷியல்காரர்கள் எல்லாம் கலைவார்கள். எழுத்தாளர் பட்டியலைத் திறந்து, இப்படிப்பட்ட சிலருக்கு மட்டும் ‘ஆத்தர் சார்ட்’ கட்டத்தில் கையால் திருத்துவதே மேல்.

பொன்னியின் செல்வன் போல ஐந்து பாகம் என்றால் தலைப்பில் எண்ணைத் திணிக்காமல் ‘சீரிஸ்’ கட்டத்தில் 1 முதல் 5 வரை கொடுங்கள். விவரங்களை இணையத்திலிருந்து மொத்தமாக இறக்கும் பட்டனைத் தமிழ் நூல்களுக்குத் தொடாதீர்கள். சம்பந்தமில்லாத அட்டைப்படம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

காலிபர் ஃபோல்டரை கூகுள் டிரைவிலேயே வைத்துவிடலாமா?

வேண்டாம். காலிபர் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் இழுத்தால், நூல் பட்டியல் இருக்கும் மெட்டாடேட்டா ஃபைல் கெட்டுப்போகும். காலிபரை மூடிவிட்டு முழு ஃபோல்டரையும் வெளி ஹார்டு டிஸ்கில் காப்பி எடுங்கள். இன்னொரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும், தம்பி வீட்டிலோ அலுவலகத்திலோ. உள்ளே இருக்கும் ஃபைல்களைக் கையால் நகர்த்தவோ பெயர் மாற்றவோ கூடாது. ஒவ்வொரு நூலோடும் அதன் விவரங்கள் அடங்கிய ஒரு ஓபிஎஃப் ஃபைல் இருக்கும். பட்டியல் கெட்டாலும் அவற்றை வைத்து ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ்’ மீட்டுக் கொடுக்கும்.

கிண்டிலின் பழைய மின்னூல் வடிவமான மோபி ஃபைல்களை என்ன செய்ய?

அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் பொதுவான மின்னூல் வடிவமான ஈபப்பிலும் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். நம் ஃபைலை இணையம் வழியாகக் கிண்டிலுக்கு அனுப்பும் ‘சென்ட் டு கிண்டில்’ வசதி இப்போது ஈபப்பை வாங்கும், மோபியை வாங்காது.

தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத் தளத்திலிருந்து ரொம்ப காலம் முன்னால் இறக்கிய நூல்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன, ஐயா.

யூனிகோடுக்கு முன்னால் புழங்கிய திஸ்கி என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டில் இருக்கும். மாற்றி மல்லாடுவதைவிட, அதே நூலின் யூனிகோட் வடிவத்தை மதுரைத் திட்டத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். பழையதில் நீங்கள் ஏதும் குறிப்பு எழுதியிருந்தால் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது கிண்டில் இல்லை, கோபோ என்ற வேறு மின்னூல் கருவி. இதெல்லாம் பொருந்துமா?

காலிபர் பகுதி அப்படியே பொருந்தும். அடிக்கோடுகள் மட்டும் வேறு இடம்: ‘.கோபோ’ என்று புள்ளியில் தொடங்கும் ஃபோல்டருக்குள் ‘கோபோரீடர்’ என்ற எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைல். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும்படி கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டுத் தேடுங்கள்.