என் மகள் கூண்டில் ஏற வேண்டுமா?

கேள்வி: எங்கள் தெருக்காரர் ஒருவர் மேல் நடக்கும் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்கில், என் 11 வயது மகளுக்குச் சாட்சி சம்மன் வந்திருக்கிறது. அந்த ஆளைப் பார்த்தாலே நடுங்குகிறாள். நான் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வக்கீல் வைக்க வசதியில்லை. "எதற்கு வம்பு, ராஜியாகப் போய்விடு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். கோர்ட்டில் எங்களுக்கு யார் துணை?

(பெயர் வெளியிட விரும்பாத தாய், நாமக்கல் மாவட்டம்)

பதில் (வழக்கறிஞர்): முதலில் பாப்பாவின் பயத்தைப் பார்ப்போம். அவள் சாட்சி சொல்லும்போது அந்த ஆள் அவள் கண்ணில் படக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 36-வது பிரிவு. திரை கட்டலாம், வீடியோ மூலமாகவும் விசாரிக்கலாம். அவள் பேசுவது அவருக்குக் கேட்கும், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாக அவளை மிரட்டிக் கேட்கவும் வழியில்லை. கேள்வியை நீதிபதியிடம்தான் சொல்ல வேண்டும். நீதிபதிதான் பாப்பாவிடம் கேட்பார். வெளியாட்களும் உள்ளே இருக்க மாட்டார்கள்.

நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் நீங்களும் ஒரு சாட்சியாக இருப்பீர்கள் என்பதால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கக்கூடும். எதற்கும் அவளுக்குப் பிடித்த அத்தையோ பாட்டியோ கூட வரட்டும்.

என் அனுபவத்தில் கோர்ட் ஹாலை விட வராண்டாதான் மோசம். டவாலி பெயர் கூப்பிடும் வரை அங்கேதான் நிற்க வேண்டும். அந்த ஆளின் உறவுக்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள். டீக்கடையில் "பாப்பா நல்லா இருக்கியா" என்று ஒரு குரல் வந்தால் போதும், குழந்தை வாயே திறக்காது. அதனால் முந்தின வாரமே அரசு வக்கீலைப் பார்த்து, தனி அறையில் உட்கார வைக்கவும் திரைக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கூட்டமில்லாத மாலையில் பாப்பாவை அழைத்துப்போய் வெறும் ஹாலைக் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். யாராவது மிரட்டினால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடலாம்.

அப்புறம், ஆதரவு நபர். விசாரணை முழுக்கக் குடும்பத்தோடு நிற்க, மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆள் இவர். அடுத்த வாய்தா என்றைக்கு, வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்வது இவர் வேலை. உங்களுக்கு இன்னும் யாரும் வரவில்லை போலிருக்கிறது. குழுவுக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு வக்கீல் அரசாங்கத்துக்காக வாதாடுகிறவர். உங்களுக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள்ள 40-வது பிரிவு இடம் கொடுக்கிறது. வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தர வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்கே கிடையாது. 15100-க்குப் போன் செய்தாலும் சரி. அந்த வக்கீலை வைத்து இடைக்கால இழப்பீட்டுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் கேட்கலாம், தீர்ப்பு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சாட்சி சொல்ல வந்த நாளுக்கு பேட்டாவும் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ராஜி? இது ராஜியாகக் கூடிய குற்றமே அல்ல. பேச வரும் பெரியவர்களிடம் அதை மட்டும் சொல்லிக் கதவைச் சாத்துங்கள்.

பாப்பாவுக்கு எதையும் மனப்பாடம் செய்து கொடுக்காதீர்கள். "சொல்லிக் கொடுத்த சாட்சி" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். புரியாவிட்டால் "புரியலை", மறந்திருந்தால் "ஞாபகம் இல்லை" என்று சொல்லலாம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூட லீவ் லெட்டரில் கோர்ட் என்று எழுதாதீர்கள், "சொந்த வேலை" என்றே எழுதுங்கள்.