நிலவின் மலைநாட்டுக்குப் போய்வந்தவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் வகுப்பறைச் சுவரில் விண்வெளி வீரர்களின் படங்களை மாட்டி வருகிறோம். ககாரின், தெரேஷ்கோவா, ஆம்ஸ்ட்ரோங், கல்பனா சாவ்லா என்று நான்கு பேர் ஏறிவிட்டார்கள். ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் போன வாரம் எழுதியதில் ஜோன் யங் என்று ஒரு பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப் பார்த்தேன், ஆறு தடவை விண்வெளிக்குப் போனார், ஒரு சாண்ட்விச்சை ஒளித்துக் கொண்டுபோனார் என்பதற்கு மேல் தமிழில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. பிள்ளைகளிடம் சொன்னால் "அவர் எதில் டீச்சர் முதலாவது?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? கொஞ்சம் விரிவாக எழுதுவீர்களா?

இன்னொன்று. யாரோ அன்பளிப்பாகத் தந்த ஒரு பைனாகுலர் பாடசாலையில் இருக்கிறது. அதில் நிலவில் எதையாவது காட்ட முடியுமா?

ஒரு விஞ்ஞான ஆசிரியை,
மஸ்கெலியா

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பிள்ளைகளின் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. அது அவர்கள் தப்பில்லை, பொது அறிவுப் புத்தகங்களும் வினாவிடைப் போட்டிகளும் நம்மை அப்படிப் பழக்கிவிட்டன. முதல் மனிதன், முதல் பெண், முதல் காலடி. அந்தக் கணக்கில் பார்த்தால் யங் நிலவில் நடந்த பன்னிரண்டு பேரில் ஒன்பதாவது ஆள், ஒன்பதாவது ஆளை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

ஆனாலும் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள், சொல்லாமல் விட முடியாது. நிலவைத் தனியாளாக முதலில் சுற்றியவர் இவர்தான். 1969 மே மாதம், அப்பலோ 10. கூடப்போன இருவரும் இறங்கு கலத்தில் நிலவுத் தரைக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவு கிட்டப் போய்த் திரும்பினார்கள், இவர் மேலே தாய்க்கலத்தில் காவல். ஆறு தடவை விண்வெளிக்குப் போன முதல் ஆளும் இவர்தான். ஜெமினி, அப்பலோ தாய்க்கலம், நிலவில் இறங்கும் கலம், விண்ணோடம் என்று நான்கு வகை வாகனங்களை ஓட்டியவர் இவர் ஒருவர்தான். 1962இல் நாசாவில் சேர்ந்தார், 2004 கடைசி நாள் வரை அங்கேயே இருந்தார், நாற்பத்திரண்டு வருடம். 2018 ஜனவரியில் 87 வயதில் இறந்துபோனார். சரி, வினாவிடைக்குத் தேவையானது முடிந்தது.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு, அதற்கு என் சித்தப்பாவைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ரோலர் ஓடும்போது நீளமான ஸ்குறூட்ரைவரின் முனையை பெயரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். எது எப்போது போகும் என்று சொல்லிவிடுவார். 1981 சித்திரைப் புத்தாண்டு நேரம், எனக்கு ஒன்பது வயது, ரேடியோவில் கொலம்பியா என்ற புது விண்ணோடம் போன செய்தி வந்தது. அதற்கு முன் அந்த வாகனம் ஆளில்லாமல் ஒருமுறைகூட விண்வெளிக்குப் போனதில்லை, முதல் ஓட்டத்திலேயே இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று யாரோ விளக்கினார்கள். சித்தப்பா பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒருதரமும் ஓட்டிப் பாக்காத மெசின்லயா ஆள ஏத்தி விட்டாங்க?" என்றார். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஏற்றிவிடப்பட்ட ஆள் யங்தான், கூட றொபேர்ட் கிரிப்பன். ஏப்ரல் 12, நம் நேரப்படி மாலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டது. ககாரின் போய் அன்றோடு சரியாக இருபது வருடம். திட்டமிட்டுச் செய்ததல்ல, ஏப்ரல் 10இல் போக வேண்டியது, கணினிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் தள்ளிப்போய் அந்தத் தேதியில் விழுந்தது. ககாரினுக்கு முன்னால் நாய்களையும் பொம்மைகளையும் வைத்தாவது அனுப்பிப் பார்த்தார்கள், கொலம்பியாவுக்கு அதுவும் கிடையாது. புறப்பட்டபோது கிளம்பிய அழுத்த அலை, கலத்தின் பின்பக்கத்தில் அசையும் மடிப்புத் தகட்டைத் தாங்கும் அளவுக்கு மேல் வளைத்திருந்தது, வெப்பம் தாங்கும் ஓடுகளில் 16 கழன்று போயிருந்தன. மடிப்புக்கு நடந்தது தெரிந்திருந்தால் இருக்கையோடு வெளியே பாய்ந்திருப்பேன் என்று பின்னாளில் யங்கே சொல்லியிருக்கிறார். தெரியாததால் ஐம்பத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல் சுற்றிவிட்டு ஏப்ரல் 14ஆம் திகதி, இங்கே நள்ளிரவுக்கு ஒன்பது நிமிடம் இருக்கும்போது, கலிபோர்னியாப் பாலைவனத்தில் கிளைடர் மாதிரி இறக்கினார். இறங்கியதும் வண்டிக்கு அடியில் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம், சித்தப்பாவும் அதைத்தான் செய்திருப்பார்.

இதையெல்லாம் சொல்லும்போது பயமே இல்லாத ஆள் என்று பிள்ளைகளுக்குத் தோன்றும். அப்பலோ 16 புறப்பட்டபோது கூட இருந்த சார்ள்ஸ் டியூக்கின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 144, யங்குடையது 70. கேட்டதற்கு, என் இதயம் கிழடு, அதற்கு மேல் ஓடாது என்கிற மாதிரி ஏதோ சொல்லித் தட்டிக்கழித்தார். நாற்பத்தொரு வயது! ஆனால் 1983 டிசம்பரில், கொலம்பியாவில் ஆறு பேரோடு திரும்ப ஆயத்தமாகும்போது கணினிகள் அடுத்தடுத்து இரண்டு செயலிழந்தன. முழங்கால் நடுங்கியது என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். இறங்குவதைச் சில மணித்தியாலம் தள்ளிப்போட்டுக் காரணம் தேடினார்கள். அவசரப்பட்டு மாற்றுக் கணினிக்குப் போயிருந்தால் எல்லாரும் செத்திருப்போம் என்பது பிற்பாடு அவர் போட்ட கணக்கு. எனக்கு அந்த எழுபதைவிட இந்த நடுக்கம்தான் பெரிசு. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சாண்ட்விச் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே கேட்பீர்கள். 1965 மார்ச், ஜெமினி 3, கிறிஸ்ஸமும் இவரும். சக வீரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த மாட்டிறைச்சி சாண்ட்விச்சை உடையில் ஒளித்துக் கொண்டுபோய் கிறிஸ்ஸத்திடம் நீட்டினார். கிறிஸ்ஸம் ஒரு கடி கடித்ததும் பாண் தூள் கலத்துக்குள் மிதக்க ஆரம்பித்துவிட்டது, உடனே மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். தூள் கருவிகளுக்குள் போயிருந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்பி, யங்குக்குக் கண்டனம் கிடைத்தது. எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிற கதை. ஒரு கலம் தன் சுற்றுப்பாதையை ஆட்களே கையாண்டு மாற்றிக்கொண்டது அந்தப் பயணத்தில்தான் முதல்முறை, அதை யாரும் சொல்வதில்லை, சாண்ட்விச் ஜெயித்துவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று இருக்கிறது. நிலவில் கறுப்பாகத் தெரிவதைக் 'கடல்' என்பார்கள், தண்ணீரில்லாத எரிமலைக் குழம்புச் சமவெளிகள். வெள்ளையாகத் தெரிவது மேட்டுநிலம், அதாவது நிலவின் மலைநாடு. ஆம்ஸ்ட்ரோங் இறங்கியது கடலில். மலைநாட்டின் நடுவில் முதலில் இறங்கிய அப்பலோ, 16தான், 1972 ஏப்ரலில், தேக்காட் என்ற இடத்தில். யங்கும் டியூக்கும் அங்கே மூன்று நாள், மூன்று முறை வெளியே வந்து மொத்தம் இருபது மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தார்கள், ரோவர் வண்டியில் 26.7 கிலோமீற்றர் ஓடினார்கள், 95.7 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். நம் நாடு அப்போது இன்னும் 'சிலோன்', குடியரசாக ஒரு மாதம் பாக்கி.

போகும் முன்னால் புவியியல்காரர்கள் அந்த மேடுகளை எரிமலைப் பாறை என்றே நம்பியிருந்தார்கள். அங்கே போய்க் கல்லைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் எரிமலைக் கல்லையே காணோம். பெரிய பெரிய விண்கற்கள் மோதி நொறுக்கி, அந்தத் தூளும் துண்டும் திரும்ப ஒட்டிக்கொண்ட கற்கள்தான் எங்கும், கொங்கிறீற்று உடைந்த துண்டு போல. இவர்கள் நிலவில் நிற்கும்போதே கீழே இருந்தவர்கள் பாடத்தைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. (சிவனொளிபாதமலையைப் பார்த்து அது அணைந்த எரிமலை என்று சொல்கிற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். நம் மலைகளும் எரிமலைகள் இல்லை, ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறை, இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.)

அங்கே அவர் ஒரு பிழையும் விட்டார். நிலவுக்குள்ளிருந்து வெப்பம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் கருவியின் கம்பி அவர் காலில் சிக்கி அறுந்துபோனது. அந்த உடையில் தன் காலையே குனிந்து பார்க்க முடியாது. பரிசோதனை அதோடு முடிந்தது. உடனே வருத்தம் தெரிவித்தார், பிறகு வேலையைப் பார்த்தார்.

இனி நான் சொல்ல வந்த இடம். 1986 ஜனவரி 28, சலெஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அதன் பக்கவாட்டில் பூட்டியிருந்த ரொக்கெட்டின் மூட்டில் இருந்த இறப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயு கசிந்ததுதான் காரணம். பிழை அந்த மூட்டில் இருக்கிறது என்பது அந்த ரொக்கெட்டைச் செய்த கம்பனியின் பொறியியலாளர்களுக்கு முன்பே தெரியும், இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று முதல் நாள் இரவே வாதாடியிருக்கிறார்கள். யங் அப்போது விண்வெளி வீரர்கள் எல்லாருக்கும் தலைவர், 1974இலிருந்து அந்தக் கதிரையில். ஹபிள் தொலைநோக்கியைக் கொண்டுபோகும் பயணத்துக்கு அவர் பெயர் இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏழாவது தடவையும் போயிருக்கலாம். அவர் எழுதினார். கால அட்டவணைக்காகப் பாதுகாப்பை விற்கிறோம் என்ற பொருள்பட, வரிசையாகக் குறைகளைப் பட்டியல் போட்டு, மேலிடத்துக்குக் கடிதம். அது பத்திரிகைகளுக்கும் கசிந்தது. அடுத்த வருடம் தலைவர் பதவியிலிருந்து எடுத்து, பாதுகாப்பு ஆலோசகர் என்ற பெயரில் ஒரு மேசையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் விண்வெளிக்குப் போகவே இல்லை. பதினேழு வருடம் மேசையில் உட்கார்ந்து, இந்த வால்வு சரியில்லை, அந்தக் கணக்கைத் திரும்பப் பார், என்று குறிப்புக்கு மேல் குறிப்பாக எழுதிக்கொண்டே இருந்தார்.

ஒரு ஆளை ஓரங்கட்ட ஆலோசகர் ஆக்குவது நமக்குத் தெரியாத கலை இல்லை. கட்டாயம் சிலருக்கு அவர் பெரிய தொல்லையாகத்தான் இருந்திருப்பார். அவர் முதன்முதலில் ஓட்டிய அதே கொலம்பியாதான் 2003 பெப்ரவரி 1ஆம் திகதி கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு வானத்தில் சிதறியது. எரிபொருள் தாங்கியிலிருந்து கழன்ற நுரைத்துண்டு இடது இறக்கையில் பட்டிருந்தது. முந்திய பயணங்களிலும் நுரை கழன்றதுண்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று பழகிவிட்டார்கள். அன்றைக்கு யங்குக்கு வயது 72, இன்னும் நாசாவில் மேசை வேலையில்தான் இருந்தார். உங்கள் சுவரில் கல்பனாவின் படத்துக்குப் பக்கத்தில்தான் அவருக்கு இடம் என்று நான் நினைப்பது இதனால்.

மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவு நினைவுக்கு வராமல் எனக்கு இதை எழுத முடியவில்லை. 2014 அக்டோபர் 29, காலை நேரம், பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டிருந்தார்கள், தொழிலாளர் லயங்கள் மேல் மலை இறங்கியது. அந்தச் சரிவு ஆபத்தானது, ஆட்களை அகற்றுங்கள் என்று பல வருடத்துக்கு முன்னாலேயே எழுத்தில் சொல்லப்பட்டிருந்தது. எழுதிய அந்தக் கை யாருடையது என்று எனக்கு அடிக்கடி யோசனை வரும். மழைக்காலத்தில் சுவரில் புது வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும், அதைப் பயந்தாங்கொள்ளி என்று மற்றவர்கள் சிரிக்கும்போது யங்கின் படம் பக்கத்தில் இருந்தால் நல்லது.

எந்தப் படம் என்று கேட்பீர்கள். நிலவில் கொடிக்கு முன்னால் துள்ளி, அந்தரத்தில் நின்றபடி சல்யூட் அடிக்கிற படமே இருக்கட்டும், டியூக் எடுத்தது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். மேசைக்குப் பின்னால் கடதாசி எழுதிக்கொண்டிருக்கும் கிழவரை யாரும் மாட்ட மாட்டார்கள். கீழே பெயரோடு "3,000 மீற்றர் உயரத்துக்கு 34½ செக்கனில் விமானம் ஏற்றியவர்" என்றும் எழுதலாம், நாசாவில் சேரும் முன் 1962இல் கடற்படை விமானியாக வைத்த சாதனை அது. பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் வந்த பிள்ளைகளுக்கு அந்த அரை நிமிடம் நன்றாகப் புரியும்.

பைனாகுலர் போதும். அரைநிலாவுக்கு முதல் நாளோ அன்றைக்கோ, பொழுது சாய்ந்ததும் பாருங்கள், முழுநிலாவில் பார்த்தால் நிழல் விழாமல் எல்லாம் தட்டையாகிவிடும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டுக்குப் பக்கத்தில், நிலவின் நடுவிலிருந்து கொஞ்சம் தெற்கே, கரடுமுரடாக வெளுத்துத் தெரிவதுதான் தேக்காட் பகுதி. ரோவர் தெரியுமா என்று கேட்பார்கள், உலகத்தில் எந்தப் பைனாகுலரிலும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையில் பிடித்தால் ஆடும், கொழுந்து நிறுக்கிற முக்காலிக் கம்பு மாதிரி எதையாவது கட்டி அதில் வையுங்கள். கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், நம் ஈரத்துக்கு அது நிச்சயம் பிடிக்கும். பெப்ரவரியில்தான் உங்கள் பக்கம் வானம் கொஞ்சம் திறக்கும். அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன், மஸ்கெலியா டவுனிலிருந்து மேலே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள்.