மாடல் ஏ ஃபோர்டில் ஸ்டீரிங் உதறல்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

என்னிடம் 1930 ஃபோர்டு மாடல் ஏ இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினால் ஸ்டீரிங் உதறத் தொடங்குகிறது. பிரேக் பிடித்தால்தான் அடங்குகிறது. ஸ்டீரிங் டேம்பர் (ஆட்டத்தை அமுக்கும் கருவி) போட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

டேம்பரைக் கடைசிக்கு வையுங்கள். அது உதறலை அமுக்கிவிடும். கிங்பின் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி) தேய்ந்துகொண்டே போவது உங்கள் கைக்குத் தெரியாமல் போகும். அது ஆபத்து.

சக்கரத்தின் எடை சமமாக இல்லாத பேலன்ஸ் கோளாறு என்றால் உதறல் குறிப்பிட்ட வேகத்தில் தானாகத் தொடங்கி, அதைத் தாண்டினால் குறையும். பள்ளம் தட்டியதும் பிடித்துக்கொண்டு விடாமல் ஆடுவது ஷிம்மி. ஒரு சக்கரம் எழும்பும்போது ஆக்சில் முழுதும் சாய்கிறது. சுழலும் சக்கரம் பம்பரம்போலப் பக்கவாட்டில் திரும்புகிறது. இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு மற்றதையும் இழுக்கிறது. அந்தத் திருப்பம் ஆக்சிலை மறுபக்கம் சாய்க்கிறது. மூட்டுகளில் பிளே (தளர்வு) இருந்தால் இதைத் தடுக்க எதுவுமில்லை. 1934-இல் கெடிலாக் போன்ற கார்கள் ஒற்றை முன் ஆக்சிலைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முதலில் டயர்களில் 35 பவுண்டு காற்று. பிறகு முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றுங்கள். உதறல் குணம் மாறினால் குற்றம் டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது.

அடுத்து ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். மிதித்தும் ஆடினால் கிங்பின். கிங்பினைச் சுற்றியுள்ள புஷ் மாற்றும்போது மேல், கீழ் இரண்டையும் நீளமான ஒரே ரீமரால் (துளையை அளவாக்கும் கருவி) நேர்கோட்டில் அறுக்க வேண்டும். ஆக்சிலில் உள்ள துளையே தேய்ந்திருந்தால் புதுக் கிங்பின் போட்டும் பயனில்லை.

டை ராடு, டிராக் லிங்க் (ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) முனைகளின் பிளக்கை முழுக்க இறுக்கி, அருகிலுள்ள காட்டர் பின் துளைவரை தளர்த்துங்கள். அந்த மூட்டுக்குள் இருக்கும் பந்து முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் நேராக ஓடும்போது லூசாகவும் திருப்பும்போது இறுக்கமாகவும் இருக்கும். அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது. பந்தையே மாற்ற வேண்டும்.

பலரும் பார்க்காமல் விடுவது, ஃப்ளைவீல் ஹவுசிங்குக்குக் கீழே விஷ்போனின் (ஆக்சிலைப் பின்னிருந்து பிடிக்கும் V வடிவத் தண்டு) பின்முனைப் பந்து. அது லூசானால் ஆக்சிலே முன்னும் பின்னும் நகரும். 5 டிகிரி காஸ்டர் (கிங்பினின் பின்சாய்வு) நிலையாக நிற்காது. நீளவாட்டில் இரு பட்டை ஸ்பிரிங் உள்ள கார்களில் ஆப்பு வைத்துக் காஸ்டர் மாற்றுவார்கள். உங்கள் காரில் ஸ்பிரிங் குறுக்கே கிடப்பதால் அது நடக்காது. விஷ்போன் வளைந்திருக்கிறதா என்றே பாருங்கள்.

பிறகுதான் டோ-இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருப்பது). டயர் நடுவில், ஆக்சில் உயரத்தில், முன்பக்கம் குறி வையுங்கள். காரைத் தள்ளி அதே குறிகள் பின்னே வந்ததும் அளந்தால், முன்னளவு 1/16 அங்குலம் குறைவாக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால் டேம்பர் போடுங்கள். கிளாம்ப் வைத்தே மாட்டுங்கள். ஆக்சிலில் துளை போட வேண்டாம்.