பூட்டிக் கிடக்கும் நூலகத்தை யார் திறப்பது? – வாசகர் கேள்வி பதில்

கிளை நூலகங்களுக்குள் குழந்தைகளையும் பெண்களையும் எப்படி வரவைப்பது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, 'உள்ளே வருவது இருக்கட்டும், எங்கள் ஊரில் கதவையே திறப்பதில்லை' என்ற ரகம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: எங்கள் கிராமத்தில் நூலகம் என்று பெயர் எழுதிய கட்டடம் இருக்கிறது. பல வருடமாகப் பூட்டு. கிளை நூலகத்தில் போய்க் கேட்டால் 'அது எங்களுடையது இல்லை' என்கிறார்கள். அப்படியென்றால் அது யாருடையது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருத்தாசலம் அருகிலிருந்து

அவர்கள் சொன்னது உண்மைதான் ஐயா. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டு விதமான நூலகங்கள் இருக்கின்றன, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒன்று, பள்ளிக் கல்வித் துறைக்குக் கீழே வரும் பொது நூலகத் துறை நடத்துவது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எல்லாம் அதில் அடங்கும். இன்னொன்று, 2006க்கும் 2011க்கும் இடையில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்கள். இவை ஊரக வளர்ச்சித் துறையுடையவை. மாநிலத்தில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருப்பதால் எவ்வளவு பெரிய வேலை என்று நினைத்துப் பாருங்கள். கட்டடம் கட்டினார்கள், அலமாரி வாங்கினார்கள், புத்தகமும் வந்தது. ஆனால் திறந்து வைத்து உட்காரும் ஆளுக்குச் சிறிய ஊக்கத்தொகைதான், அதுவும் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை என்றால் எத்தனை நாள் வருவார்? பல இடங்களில் பூட்டு விழுந்த கதை இதுதான்.

உங்கள் கட்டடம் இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும். சாவி பெரும்பாலும் ஊராட்சி செயலரிடம் இருக்கும். முதலில் அவரிடம் நேராகக் கேளுங்கள், சண்டையாக வேண்டாம், 'மாலையில் இரண்டு மணி நேரம் நான் திறந்து வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிக் கேளுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டால் மறுப்பது கஷ்டம். சரி, அப்படியும் நடக்கவில்லை என்றால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராம சபைக் கூட்டங்கள். நாலு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போய், நூலகத்தைத் திறக்க வேண்டும், நேரம் இன்னது, பொறுப்பு இன்னாருக்கு என்று தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாயால் பேசிவிட்டு வந்தால் அதோடு போச்சு, தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

திறந்ததும் பாதிப் புத்தகம் செல்லரித்திருக்கும், மனம் தளராதீர்கள். பக்கத்துக் கிளை நூலகரைப் பார்த்துப் பேசுங்கள். துறை வேறாக இருந்தாலும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எப்படி அடுக்குவது என்று சொல்லிக்கொடுக்க அவரைவிட்டால் ஆள் கிடையாது.

கேள்வி: வீட்டு வரி ரசீதில் 'நூலக வரி' என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. இது எதற்கு? நான் நூலகத்தில் உறுப்பினர்கூட இல்லையே?
– வாசகி, திருப்பூர்

ரசீதை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும், பலர் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறி, 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென்று வந்த முதல் சட்டம் அது. அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். நூலகம் யாருடைய தயவிலும் நடக்கக் கூடாது, அதற்கென்று சொந்த வருமானம் வேண்டும் என்பதற்காகத்தான் சொத்து வரியோடு ஒரு பங்கு சேர்க்கப்பட்டது. இப்போது அது ரூபாய்க்கு பத்து பைசா. நீங்கள் சொத்து வரியாக 1,000 ரூபாய் கட்டினால் நூலகத்துக்கென்று 100 ரூபாய். மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ வசூல் செய்து, மாவட்டத்தின் பொது நூலகங்களைக் கவனிக்கும் அமைப்பான நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பத்திரிகை, மின்கட்டணம், வாடகை, பல ஊழியர்களின் சம்பளம் வரை அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கின்றன.

வசூலித்த பணம் முழுதாகவும் நேரத்துக்கும் ஆணைக்குழுவுக்குப் போவதில்லை என்பதுதான் நெடுநாள் பிரச்சினை. மக்களிடம் நூலகத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை, அது எந்த ஆட்சியில் நடந்தாலும். உங்களால் ஒன்று செய்ய முடியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, கடந்த மூன்று நிதியாண்டுகளில் எவ்வளவு நூலக வரி வசூலானது, எவ்வளவு ஆணைக்குழுவுக்குச் செலுத்தப்பட்டது என்று உங்கள் மாநகராட்சிக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அப்புறம், உறுப்பினர் இல்லை என்கிறீர்களே, வருடா வருடம் பணம் கட்டுகிறவர் நீங்கள். இந்த வாரமே போய்ச் சேருங்கள். அடையாளச் சான்று ஒன்று, கட்டணம் ஒரு வேளை ஹோட்டல் சாப்பாட்டைவிடக் குறைவு. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய்த் திரும்பி வந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். எல்லோரும் பேப்பர் படிக்கிறார்கள், சத்தம் போடாதே என்கிறார்கள், அவள் பத்து நிமிஷத்தில் 'போகலாம்மா' என்றுவிட்டாள். குழந்தைகளுக்குக் கதை நேரம் நடத்தலாமா? யாரிடம் கேட்பது?
– வாசகி, மணப்பாறை

கட்டாயம் நடத்தலாம். கேட்க வேண்டியது உங்கள் நூலகரிடமும் வாசகர் வட்டத் தலைவரிடமும். ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்று வாசகர்களே சேர்ந்த ஒரு குழு இருக்க வேண்டும், பல ஊர்களில் அது நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் தேசிய நூலக வார விழாவுக்கு மட்டும் விழித்துக்கொள்கிறது. இல்லையென்றால் நீங்களே நாலைந்து அம்மாக்களைச் சேர்த்து உயிர் கொடுங்கள்.

உங்கள் மகள் ஏன் போகலாம் என்றாள் என்பது எனக்குத் தெரிகிறது. சாதாரணமாக ஒரு கிளை நூலகம் எப்படி இருக்கும்? வாசலில் வருகைப் பதிவேடு, அதில் நூலால் கட்டிய பேனா. நடுவில் நீள மேசை, சுற்றிலும் பெரியவர்கள். குழந்தைகள் புத்தகம் இரும்பு அலமாரியில், கண்ணாடிக் கதவு போட்டு, மேல் தட்டில். சாவி மேசை டிராயரில். ஏழு வயதுக் குழந்தை அண்ணாந்து பார்த்தால் புத்தகத்தின் முதுகுதான் தெரியும், அட்டைப்படம் தெரியாது. ஆகவே கதை நேரத்துக்கு முன்னால் நூலகரிடம் இதைக் கேளுங்கள்: படக்கதைப் புத்தகங்களைக் கீழ்த் தட்டுக்கு இறக்க வேண்டும், ஒரு மூலையில் பாய் விரித்து, அட்டை தெரிகிற மாதிரி பரப்பி வைக்க வேண்டும். கிழியுமே என்பார். கிழியத்தான் செய்யும், கிழிந்ததை ஒட்டும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். கெட்டுப்போகும் என்று பூட்டி வைத்த புத்தகம் யாருக்கும் பயன்படாமலே பழுப்பேறிப் போவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நேரம் ஞாயிறு காலை வையுங்கள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு கதையை நீங்கள் படத்தைக் காட்டியபடி வாசிக்க வேண்டும், மிச்ச நேரம் குழந்தைகளே எடுத்துப் புரட்டட்டும். 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுகின்றன. பேப்பர் படிக்கும் பெரியவர்கள் முகம் சுளித்தால், முன்கூட்டியே வாசலில் நேரம் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அவர்களில் ஒருவரே கதை சொல்ல வந்து உட்காருவார்.

புத்தகத்துக்கு அலைய வேண்டாம். நேஷனல் புக் டிரஸ்ட், துலிகா இரண்டும் தமிழில் நல்ல படக்கதைகள் போட்டிருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், இறக்கி அச்செடுத்தும் கொடுக்கலாம். அரசின் வாசிப்பு இயக்கத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்தன. பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் தரக்கூடும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, பக்கவாதம் வந்து வீட்டோடு இருக்கிறார். நாற்பது வருடம் நூலகத்துக்குப் போனவர். புத்தகம் வீட்டுக்கு வர வழி உண்டா?
– வாசகர், கும்பகோணம்

உண்டு. நூலக நண்பர்கள் என்ற திட்டம் 2022இல் தொடங்கியது இதற்காகத்தான். முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் போல நூலகத்துக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவந்து கொடுத்து, படித்ததும் வாங்கிப் போவார்கள். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி சுறுசுறுப்பாக நடக்கிறது என்று சொல்ல முடியாது, ஆள் இருக்கும் ஊரில் நடக்கிறது. நூலகரிடம் அப்பாவின் பெயரைப் பதிந்து, என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். தன்னார்வலர் இல்லை என்றால் உங்கள் தெருக் கல்லூரி மாணவர் ஒருவரைச் சேரச் சொல்லலாம்.

உங்கள் பக்கத்து மன்னார்குடிக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிது இல்லை. 1931இலேயே அங்கே மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள், கனகசபைப் பிள்ளை என்பவர் முன்னின்று செய்த வேலை அது, தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்' என்று அவர் விதி எழுதியதும் அதே 1931தான். மாடு பூட்டிய காலத்தில் முடிந்தது, வீட்டுக்கு வீடு இரு சக்கர வாகனம் நிற்கும் இந்தக் காலத்தில் முடியாதா?

அப்பாவுக்குக் கண் பார்வையும் சிரமமாக இருந்தால் வாசித்துக் காட்ட ஆள் வைப்பதுதான் முதல் வழி, பேரப்பிள்ளைகள் இருந்தால் ரொம்ப நல்லது. பார்வையற்றவர்களுக்கென்று சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் தனிப் பிரிவே இருக்கிறது. மாவட்ட மைய நூலகத்திலும் அப்படி வசதி உண்டா என்று விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மாவட்ட மைய நூலகம் முழுக்கப் போட்டித் தேர்வு மாணவர்கள். காலையில் வந்து பையை வைத்து இடம் பிடித்துவிடுகிறார்கள். கதை, கட்டுரை படிக்க வருகிறவன் எங்கே உட்காருவது?
– வாசகர், தருமபுரி

உங்கள் எரிச்சல் புரிகிறது, ஆனால் நான் அந்தப் பிள்ளைகள் பக்கம். டிஎன்பிஎஸ்சிக்கோ காவலர் தேர்வுக்கோ படிக்கிறவர்களில் பலருக்கு வீட்டில் தனி அறை கிடையாது, கோச்சிங் சென்டருக்குப் பணம் கிடையாது. டிபன் பாக்ஸில் புளிசாதத்தோடு வந்து, மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, இருட்டும் வரை படிக்கிற பெண்களை எந்த மாவட்ட நூலகத்திலும் பார்க்கலாம். அவர்களுக்கு இந்த நூலகத்தை விட்டால் வேறு இடமே இல்லை. அதற்காக மற்ற வாசகர் நின்றுகொண்டு படிக்க வேண்டும் என்பதும் நியாயம் இல்லை. அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதே ஏற்பாட்டை உங்கள் ஊரிலும் கேளுங்கள். பின்பக்க வராந்தாவில் தகரக் கூரை, நாலு மேசை, மின்விசிறி, குடிதண்ணீர் போதும். மனுவை மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள், அந்த மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள். நீங்களும் அவர்களும் கேட்பது ஒரே விஷயம்தான், இடம்.

கேள்வி: பெங்களூரில் இருக்கிறேன். பழைய தமிழ்ப் புத்தகங்கள் படிக்க ஊருக்குத்தான் வர வேண்டுமா?
– வாசகி

வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள், இலவசம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து எழுத்து வடிவிலேயே கிடைக்கும். ஈழத்து நூல்கள், பழைய இதழ்கள் என்றால் நூலகம் நிறுவனத்தின் தளம். இதிலெல்லாம் இல்லாத அரிய பதிப்பு வேண்டுமென்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த இடம் அது, சென்னை வந்தால் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: வீட்டில் முந்நூறு பழைய புத்தகங்கள் இருக்கின்றன. நூலகத்துக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?
– வாசகர், நாகர்கோவில்

எல்லாவற்றையும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. பழைய பாடத்திட்ட கைடுகள், காலாவதியான சட்டப் புத்தகங்கள், பைண்டிங் விட்ட மாத நாவல்கள் இவற்றுக்கெல்லாம் அலமாரியில் இடம் கொடுத்தால் நல்ல புத்தகத்துக்கு இடம் இருக்காது. முதலில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு என்று ஒரு பட்டியல் எழுதி நூலகரிடம் கொடுங்கள், அவர் டிக் அடித்துத் தருவதை மட்டும் கொண்டுபோங்கள். மிச்சத்தில் குழந்தைகள் புத்தகம் இருந்தால் பக்கத்து அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் போகட்டும். 1,000 ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேரவும் வழி உண்டு, பட்டியல் கொடுக்கப் போகும்போதே அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.