ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர் இல்லை

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. இரண்டு ஆண்டுகளாகக் கோவை வடவள்ளிப் பக்கம், பதினான்கு பேர் தங்கியுள்ள ஒரு சிறிய முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நல்ல கவனிப்பு, இரவில் பாத்ரூம் போக எழுந்து விழுந்துவிடக் கூடாது என்று மாலை ஐந்து மணிக்குப் பிறகு தண்ணீர்கூடக் கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று வாரங்களாகப் பகலில் தூங்கி வழிகிறார். மாலையானால் காலமான அப்பாவைத் தேடுகிறார். மறதிநோயாளிகளுக்கான தங்கள் இன்னொரு கட்டடத்துக்கு மாற்ற வேண்டும், மாதம் 12,000 ரூபாய் கூடுதல், கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். தங்கை மறுக்கிறாள். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள்.

நல்ல கவனிப்புக்குச் சான்றாக நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாலை ஐந்து மணி முதல் மறுநாள் காலைக் காப்பி வரை உங்கள் தாயாருக்குத் தண்ணீர் மறுக்கப்படுகிறது. அதைப் பெற்ற மகனே பாராட்டி எழுதுகிறீர்கள். இரவுப் பணிக்கு இன்னோர் ஆள் வைத்தால் ஆகும் சம்பளத்தை அவருடைய தொண்டையிலிருந்து மிச்சம் பிடிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

வயது ஏற ஏறத் தாக உணர்வு குறைந்துவிடும். நீரைச் சிக்கனமாகக் கையாளும் ஆற்றலும் சிறுநீரகத்துக்குக் குறையும். முதியவர்கள் கேட்டுக் குடிக்க மாட்டார்கள். நாம்தான் நினைவாகக் கொடுக்க வேண்டும். உடலில் நீர் வற்றினாலோ சிறுநீரில் தொற்று ஏற்பட்டாலோ, காய்ச்சலுக்கும் முன்பாகவே புத்தி தடுமாறுவதுண்டு. மறதிநோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. சில நாட்களில் வந்து, ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும் குழப்பத்தை மருத்துவர்கள் டெலிரியம் என்பார்கள். காரணத்தைக் கண்டு சிகிச்சை அளித்தால் பலருக்குத் தெளிந்துவிடும், நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் தாயாருக்கு இதுதான் என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது. ஆனால் சிறுநீரைப் பரிசோதிக்காமல், இரத்தத்தில் சோடியம், கிரியாட்டினின், சர்க்கரை அளவுகளைப் பார்க்காமல், புதிதாகத் தூக்க மாத்திரை ஏதும் கொடுக்கிறார்களா என்று விசாரிக்காமல், பெற்ற தாயை மறதிநோயாளி என்று எழுதிக் கொடுப்பது பாவம்.

விழுந்துவிடுவார் என்ற அச்சம் நியாயமானதே. படுக்கப் போகும் நேரத்தில் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். பகல் முழுவதும் வேளாவேளைக்குத் தண்ணீர், மோர், கஞ்சி என்று, இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ மருத்துவர் அளவு விதித்திருந்தாலொழிய, ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். கட்டிலருகே கமோடு நாற்காலி, இரவு விளக்கு, கைக்கெட்டும் தூரத்தில் அழைப்பு மணி ஆகியவற்றை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். நிர்வாகம் மறுத்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள்.

தாயை இல்லத்தில் சேர்த்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இன்று பல குடும்பங்களுக்கு வேறு வழியில்லை. சமைப்பதையும் குளிப்பாட்டுவதையும் பணம் கொடுத்து ஒப்படைக்கலாம். அவர் இன்று தண்ணீர் குடித்தாரா என்று கேட்கும் கடமை பிள்ளைகளுடையது, அதற்கு மாதக் கட்டணம் கிடையாது. இவ்வளவு எழுதிய நீங்கள், அவரைக் கடைசியாக நேரில் எப்போது பார்த்தீர்கள் என்று ஒரு சொல்கூட எழுதவில்லை. மறுத்த தங்கைக்கு நன்றி சொல்லுங்கள்.

பெங்களூரில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது கோவையில் இருப்பீர்கள். முதல் வேலையாக அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னால் உடனிருங்கள். இல்லத்துக்கு அனுப்பினால் அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் கட்டிலருகே நாற்காலி போட்டு, விடியும்வரை அங்கேயே இருங்கள். மணியடித்தால் யார் வருகிறார், எத்தனை நிமிடம் கழித்து வருகிறார் என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அப்பா எங்கே என்று அவர் கேட்டால் திருத்த முனையாதீர்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.