பௌலிங் லீக்கில் ஹேண்டிகேப் கொடுப்பது நன்றாக ஆடுபவர்களுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

பந்தை உருட்டிப் பத்து பின்களைச் சாய்க்கும் பௌலிங் இது; சராசரி குறைந்தவர் எடுத்த எண்ணோடு சேர்த்துக் கொடுக்கும் கூடுதல் பின்கள்தான் ஹேண்டிகேப். கேள்வி கேட்டவருக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 190 போல. 130 எடுக்கும் ஒருவரிடம் ஹேண்டிகேப்பால் தோற்றுவிட்டாராம். அந்த 130 ஆசாமியின் கட்சியிலிருந்தும் ஒரு பதில் வரட்டுமே.

டெட்ராய்ட் பக்கம் செவ்வாய்க்கிழமை லீக் ஒன்றில் ஆடுகிறேன். என் சராசரி 138. எங்கள் லீக்கில் அடிப்படை எண் 220. அதிலிருந்து சராசரியைக் கழித்து, மிச்சத்தில் 90 சதவீதம் ஹேண்டிகேப், பின்னம் வந்தால் வெட்டிவிடுவார்கள். ஆக எனக்கு 73. போன சீசன் கடைசியில் எங்களோடு மோதிய அணியில் கடைசியாக ஆடும் ஆங்கருக்குச் சராசரி 206, ஹேண்டிகேப் 12. அன்று ஓர் ஆட்டத்தில் நான் 171 அடித்தேன், ஹேண்டிகேப்போடு 244. அவர் 224 அடித்தும் 236தான். அந்த ஆட்டம் எங்களுக்கு வந்தது. மனிதர் துண்டைப் பையில் திணித்துக்கொண்டே, எல்லார் காதிலும் விழும்படி, "எழுபத்து மூன்று பின் இனாமாகக் கிடைத்தால் என் பாட்டியும் ஜெயிப்பாள்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் அணிக்காரர் ஒருவரும் சிரித்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இனாமா? இரண்டு பேரும் அவரவர் சராசரிப்படி ஆடினால் நான் 211, அவர் 218. ஹேண்டிகேப் வாங்கிய பிறகும் ஓர் ஆட்டத்துக்கு ஏழு, மூன்று ஆட்டத்துக்கு 21 அவருக்குத்தான் கூடுதல். 90 சதவீதம் என்றால் திறமைக்கு உரிய லாபத்தில் ஒரு பங்கை அவர் கையிலேயே விட்டுவைக்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஜெயிக்க வேண்டுமானால் என் வழக்கத்தைவிட நன்றாக ஆடியே ஆக வேண்டும். அன்று 33 பின் அதிகம் அடித்தேன், அவர் 18தான் அதிகம் அடித்தார்.

உடனே ஒருவர் வருவார்: "கற்றுக்குட்டிக்குத்தான் திடீரென்று அறுபது எழுபது ஏறும், 220 ஆடுபவர் உச்சமான 300க்கு மேல் போக முடியுமா?" என்று. சரி, அது உண்மைதான். நூறு சதவீதம் கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. வாரத்தின் அதிகபட்ச ஆட்டத்துக்கான பரிசை ஹேண்டிகேப் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று பிரித்து வைப்பதும் இதற்காகத்தான். ஆனால் அந்த 206ஐயும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பந்து ஓடும் தரையில் சாதாரண லீக்குக்குப் போடும் எண்ணெய் நடுவில் அடர்த்தி, ஓரங்களில் மெலிசு. பந்தைச் சுழற்றி விடுபவர் கொஞ்சம் வெளியே தவறவிட்டாலும் காய்ந்த இடம் அதைப் பாக்கெட்டுக்கு, அதாவது முதல் பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் நடுவே, திருப்பி அனுப்பும், உள்ளே இழுத்துவிட்டாலும் எண்ணெய் பிடித்து நிறுத்தும். போட்டிகளுக்கு எண்ணெயைக் கிட்டத்தட்டச் சமமாகப் போடும் தட்டையான பேட்டர்னில் அதே ஆட்களின் சராசரி கணிசமாக இறங்கிவிடும். என்னைப் போல நேராக உருட்டுபவனுக்கு அந்த உதவி பெரிதாகக் கிடையாது. தரையிலேயே ஹேண்டிகேப் வாங்கிக்கொண்டவர்கள் என் 73ஐ எண்ணுகிறார்கள்!

கோபம்தான் வேண்டும் என்றால் சாண்ட்பேகிங் செய்பவர்மேல் வாருங்கள். ஆட்டம் கைக்கு வந்ததும், அல்லது கைவிட்டுப் போனதும், பத்தாவது பின்னை வேண்டுமென்றே தவறவிடுவார்கள். வாராவாரம் அப்படிச் சராசரியைக் குறைத்து வைத்து, பரிசுப் பணம் வரும் நாளில் அவிழ்த்து விடுவார்கள். இந்த ஆட்டத்தை இங்கே நிர்வகிக்கும் அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் (USBC) விதியில் இதற்கு இடைநீக்கம் வரை இருக்கிறது. ஆனால் ஒருவர் வேண்டுமென்றே தவறவிட்டார் என்று யார் நிரூபிப்பது? போன ஆண்டுச் சராசரி, இந்த ஆண்டுச் சராசரி இரண்டில் எது அதிகமோ அதையே எடுத்துக்கொள்வது என்று லீக் ஆரம்பத்திலேயே ஓட்டுப் போட்டு வைத்துக்கொண்டால் தொல்லை பாதி குறையும்.

நம்மவர்கள் மட்டும் யோக்கியமா என்ன? இங்கே ஒரு தமிழ் அமைப்பு நடத்திய பேட்மின்டன் போட்டியில் "தொடக்கநிலை" பிரிவில் என் மகள் ஆடினாள். எதிரே வந்த பெண் கல்லூரி அணியில் ஆடியவள், ஊருக்கே தெரியும். அமைப்பாளரிடம் கேட்டால், "இங்கே வந்து இப்போதுதானே ஆடுகிறார் அண்ணா, அதனால் தொடக்கநிலைதான்" என்கிறார். கோப்பையையும் அந்தப் பெண்ணே வாங்கிக்கொண்டு, குழுவாகப் படமும் எடுத்துக்கொண்டார்கள். இதைக் கேட்டால் நான் பொறாமைக்காரன்.

கேட்டவருக்கு ஒன்று. சதவீதத்தைவிட உங்கள் லீக்கின் அடிப்படை எண்ணைப் பாருங்கள். அது 200ஆக இருந்து, 206 ஆடுபவரும் இருந்தால், அவருடைய மேல் ஆறு பின்களை யாரும் தொடவே முடியாது, 138க்கோ 55தான் கிடைக்கும். அப்போது அநியாயம் எந்தப் பக்கம் என்று நீங்களே கணக்குப் போடலாம். இதெல்லாம் வேண்டாம், அடித்தது மட்டுமே கணக்கு என்றால் ஸ்கிராட்ச் லீக் இருக்கிறது, தாராளமாகச் சேருங்கள். 190 சராசரியோடு வரும் ஒருவரை 215 ஆடுபவர்கள் அங்கே சந்தோஷமாக வரவேற்பார்கள்.